கால் கட்டோடு கிடக்கும்போது தசைக்கு என்ன நடக்கிறது?

மார்கழி மழையில் திருகோணமலை உவர்மலை இறக்கத்தில் சைக்கிள் சறுக்கி, வலது கணுக்காலில் எலும்பு வெடித்து, ஆறு கிழமை பிளாஸ்டரோடு விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் கிடந்தேன். பிளாஸ்டரை வெட்டி எடுத்த அன்று பின்னேரம், தையல் வேலை செய்யும் என் பெரியம்மா கழுத்தில் தொங்கிய அளவுநாடாவால் இரண்டு கெண்டைக்காலையும் அளந்தார். இடது 36 சென்ரிமீற்றர், வலது 33. "இதென்னடா மகன், ஆட்டின்ர கால் மாதிரிக் கிடக்கு" என்றார்.

உடைந்தது எலும்பு, அப்போ சதை ஏன் தேய்ந்தது? திருக்கடலூர்ப் பக்கம் கரையில் இருந்து வலை பொத்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கடலுக்குப் போகிற வலை கிழிய, கிழிந்ததைப் பொத்தி வைப்பார்கள், அடுத்த நாள் அது திரும்பப் போகும். ஒரு மாதம் தொழில் இல்லை என்று போட்டுவிட்டால் பொத்த ஆள் வராது, ஆனால் வெயிலும் எலியும் வலையைத் தின்பது நிற்காது. தசையும் இப்படித்தான். அதன் புரதம் நாள்தோறும் கொஞ்சம் உடைகிறது, கிட்டத்தட்ட அதே அளவு புதிதாகக் கட்டப்படுகிறது. வேலை நின்றதும் கட்டும் வேகம்தான் முதலில் விழுகிறது, அதுவும் சில நாட்களுக்குள்ளேயே. பலம் சதையைவிட வேகமாகக் குறையும், ஏனென்றால் மூளையிலிருந்து நரம்பு வழியாகத் தசைக்கு வரும் கட்டளையும் மங்கிவிடுகிறது. நாள் முழுக்க நம்மை நிமிர்த்தி வைத்திருக்கிற கெண்டைக்கால், தொடை, முதுகுத் தசைகளுக்குத்தான் அடி அதிகம்.

இதயத்துக்கும் இதே கதைதான். 1966 இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் 20 வயது ஆரோக்கியமான இளைஞர்கள் 5 பேரை மூன்று கிழமை கட்டிலிலேயே படுக்க வைத்துப் பார்த்தார்கள். கடும் வேலையில் உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய ஒட்சிசனின் அளவு கால்வாசிக்கு மேல் குறைந்துபோனது. அதே 5 பேரையும் 30 வருடம் கழித்துச் சோதித்தால், அந்த முப்பது வருட வயது செய்த சேதத்தைவிட மூன்று கிழமைக் கட்டில் செய்த சேதம் அதிகம்! எனக்கு இன்றும் நம்பச் சிரமமான கணக்கு இது.

முதல் மூன்று கிழமையும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றே: "அசையாதே தம்பி." நானும் அசையவில்லை. கிளினிக்கில் பிசியோதெரபி செய்கிறவர்தான் சிரித்துக்கொண்டு கேட்டார், "கணுக்காலுக்குத்தானே ஓய்வு சொன்னது, தொடை என்ன பாவம் செய்தது?" என்று. அப்புறம் அவர் காட்டித் தந்தது இதுதான். ஒரு துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வை, முழங்காலால் அதைக் கட்டிலோடு அழுத்து, தொடைத் தசை கல் மாதிரி இறுகுகிறதா என்று கையால் தொட்டுப் பார், ஐந்து எண்ணும் வரை பிடி, விடு. பத்துத் தடவை. மூட்டு அசையவே இல்லை, ஆனால் தசை முழுசாக வேலை செய்கிறது, அதாவது பொத்துகிற ஆளுக்கு "வலை வேணும்" என்று செய்தி போய்விடுகிறது.

இதில் ஒரு சின்னச் சிக்கல். இறுக்கும்போது நாம் தெரியாமலே மூச்சைப் பிடித்துவிடுவோம், நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இரத்த அழுத்தமும் திடீரென்று உயரும். பிரஷர் உள்ளவருக்கும் இதய நோயாளிக்கும் கண் ஒப்பரேசன் செய்தவருக்கும் இது ஆபத்து. சத்தமாக எண்ணுங்கள், சத்தமாக எண்ணிக்கொண்டு மூச்சைப் பிடிக்க எவராலும் முடியாது.

சுகமான காலை மறக்க வேண்டாம். ஒரு பக்கத்துக்குப் பயிற்சி கொடுத்தால் மறுபக்கத்துக்கும் கொஞ்சம் பலம் வருகிறது என்று 1894 இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் கண்டிருக்கிறார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. இடது காலுக்குக் கட்டளை போகும்போது மூளையின் மறுபாதியும் கொஞ்சம் விழித்துக்கொள்கிறது, கட்டளை போகும் பாதை துருப்பிடிக்காமல் இருக்கிறது. சதை பெருக்காது, பலம் முழுசாக விழாமல் தாங்கும்.

இனி இரத்தம். காலிலிருந்து இரத்தத்தை மேலே ஏற்றுவதில் கெண்டைக்காலுக்குப் பெரிய பங்கு உண்டு. அடிபம்பியில் கைபிடியை அமத்தினால் தண்ணீர் மேலே வரும், வால்வு அதைத் திரும்பிப் போக விடாது, இல்லையா? நாளங்களுக்குள்ளும் அதே மாதிரி ஒருவழி வால்வுகள் இருக்கின்றன, கைபிடி வேலையைத் தசை செய்கிறது. அது ஓய்ந்தால் இரத்தம் தேங்கி, தேங்கிய இடத்தில் கட்டிபடலாம். அதனால் கட்டில்லாத காலின் பாதத்தை மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது மேலும் கீழும் மடக்க வேண்டும், பிளாஸ்டருக்கு வெளியே தெரியும் விரல்களையும் அனுமதி இருந்தால் ஆட்டலாம்.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கால் வீங்கி நோகுது என்றால் உடனே நல்லெண்ணெய் சூடாக்கி உருவ வந்துவிடுவார்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, அமத்தினால் நோகுது என்றால் தயவுசெய்து கை வைக்க விடாதீர்கள். உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் அது கழன்று நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம், ஆளே போய்விடலாம். நேரே ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறலோ நெஞ்சு நோவோ சேர்ந்து வந்தால் ஒரு நிமிடமும் யோசிக்க வேண்டாம்.

சாப்பாடு சுருக்கமாக: சும்மா கிடக்கிறோம் என்று மீனையும் முட்டையையும் குறைப்பது பிழை, குறைக்க வேண்டியது சோற்றைத்தான். சூடை மீனும் பயறும் பருப்பும் போதும், விலை கூடிய பவுடர் தேவையில்லை.

எழும்பும்போது அவசரப்படாதீர்கள். படுக்கையில் நாள் கணக்காகக் கிடந்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்து, எழும்பியதும் நாளங்களைச் சுருக்குகிற அனிச்சையும் மந்தமாகிவிடும். நிமிர்ந்தவுடன் அரை லீற்றர் அளவு இரத்தம் இடுப்புக்குக் கீழே இறங்கும், தலை சுற்றும், விழுந்தால் மற்றக் காலும் போச்சு. கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் இருந்து பாதத்தை ஆட்டிவிட்டு எழும்புங்கள். உடைந்த காலில் எவ்வளவு பாரம் வைக்கலாம் என்பதை மட்டும் டொக்டரிடம் தெளிவாகக் கேளுங்கள், அதில் பக்கத்து வீட்டு அனுபவம் உதவாது.

பிளாஸ்டர் கழற்றி மூன்று மாதம் ஆகிறது. பெரியம்மா இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாடாவோடு வருகிறார். போன கிழமை வலது 35. கோணேசர் கோயில் ஏற்றத்தில் கோட்டை மான்கள் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினேன், அதற்கு முந்தின கிழமை ஐந்து தடவை.