கயாக்குக்குச் சுக்கான் வேணுமா?

கயாக் என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகு வாங்கப் போகும் வாசகர் ஒருவர், சுக்கான் உள்ளதை எடுப்பதா, இல்லாததை எடுப்பதா என்று கேட்டிருந்தார். கடல் கயாக்காரர்கள் காலங்காலமாகச் சண்டை பிடிக்கும் விஷயம். சுக்கான் திருப்புவதற்குத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள், ஆனால் கயாக்கில் அதன் பெரிய வேலை காற்றடிக்கும்போது நேரே போக வைப்பது.

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் நாளில் யாழ்ப்பாணப் பண்ணையிலிருந்து ஊர்காவற்துறைப் பக்கம் துடுப்பு வலிக்கிறீர்கள் என்று வையுங்கள். காற்று இடப்பக்கம் அடிக்கிறது, அப்படியென்றால் அணியம், அதாவது கயாக்கின் முன்முனை, வலப்பக்கம்தானே ஒதுங்க வேண்டும்? இல்லை, அது இடப்பக்கமுள்ள வேலணைத் தீவைப் பார்த்து, காற்று வரும் பக்கமே திரும்பும்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஓடும்போது அணியம் கலங்காத தண்ணீரைப் பிளக்கிறது, இரு பக்கமும் அழுத்தம் கூடி அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பின்பக்கம் கிடப்பதோ ஏற்கெனவே கலங்கிச் சுழலும் தண்ணீரில், அங்கே பிடி குறைவு. காற்று முழு நீளத்தையும் ஒரே மாதிரித் தள்ளினாலும் பின்பக்கம்தான் கூட வழுக்கும், அதனால் முன்பக்கம் காற்றுக்குத் திரும்பிவிடும். வேகமாக வலிக்க வலிக்க இது கூடும். துடுப்பை நிறுத்தினால் அணியத்தின் பிடியும் போய், கயாக் காற்றுக்குக் குறுக்கே கிடக்கும்.

ஆக, பின்பக்கத்துக்குப் பிடி வேண்டும். அதைச் சுக்கானும் கொடுக்கும், ஸ்கெக் என்கிற திரும்பாத தகடும் கொடுக்கும். ஸ்கெக்கை அடியிலுள்ள பெட்டியிலிருந்து பக்கக் காற்றுக்குப் பாதி, பின்காற்றுக்கு முழுக்க இறக்கலாம், எதிர்க்காற்றில் ஏற்றிவிடலாம். இரண்டும் இல்லாவிட்டால் காற்றுப் பக்கம் கயாக்கைச் சரித்து வலிக்க வேண்டும், அது மறுபக்கம் திரும்பப் பார்க்கும்.

சுக்கான் சோம்பேறிகளுக்கு என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். பந்தயத்தில் ஓடும் சர்ஃப்ஸ்கி என்கிற நீண்ட, ஒல்லியான கயாக்கில் சுக்கான் இருக்கிறது, அவர்களா சோம்பேறிகள்? ஆனால் குறையும் உண்டு: சுக்கானைத் திருப்பும் பழைய மாதிரிக் கால்மிதிகள் நகர்வதால் கால் ஊன்ற முடியாது, பெரிய அலையில் சுக்கான் தண்ணீரை விட்டுக் கிளம்பிவிடும்.

 

சரி, எதை வாங்குவது? எங்கள் களப்பு ஆழமில்லாதது, தொங்கும் சுக்கானில் சாதாளை என்கிற கடற்புல் சிக்கும், தரையும் தட்டும். நான் ஸ்கெக்தான் சொல்வேன். பெட்டிக்குள் மணல் புகுந்து இறுகினால் இழுத்தெடுக்க, தகட்டில் சின்னத் துளை போட்டுக் கட்டைக் கயிறு ஒன்று கட்டிவிடுங்கள்.