நம்பத்தகுந்த ரகசியத் தகவலின்பேரில்

குற்றவியல் வழக்கு நடத்தும் எந்த வக்கீலின் அலமாரியிலிருந்தும் ஒரு வழக்குக் கட்டை உருவிப் பாருங்கள். ‘நம்பத்தகுந்த ரகசியத் தகவலின்பேரில் மேற்படி இடத்திற்குச் சென்று சோதனையிட்டதில்’ என்ற வரி அதில் இருக்கும். கஞ்சா, குட்கா, மணல், எந்த வழக்கானாலும் அதே வரிதான். பழைய கோப்பைத் திறந்து பெயரையும் தேதியையும் மாற்றி அடிப்பதால் சில சமயம் எழுத்துப்பிழைகூட வழக்குக்கு வழக்கு அப்படியே வரும். ஒருவர் வீட்டு வாசலைத் தாண்ட அந்த ஒரு வரி போதுமா?

சில வருஷங்களுக்கு முன் ஜாமீன் மனு ஒன்றுக்காக நடுவர் மன்றத்தில் காத்திருந்தேன். உதவி ஆய்வாளர் ஒருவர் சர்ச் வாரண்ட் கேட்டு ஒரே ஒரு தாளோடு வந்து நின்றார். கிணற்று மோட்டாரும் கேபிளும் திருடு போன வழக்கு. பழைய இரும்புக் கடை ஒன்றில் பொருள் இருப்பதாக ‘நம்பத்தகுந்த’ தகவல். நடுவர் அம்மா தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“யார் பார்த்தது?”

“தகவலாளி சொன்னாரும்மா.”

“அவர் கண்ணால பார்த்தாரா, யாரோ சொல்லக் கேட்டாரா?”

பதில் இல்லை.

“எப்ப பார்த்தாராம்? போன மாசம் பார்த்த செம்பு இன்னைக்கும் அங்கயே இருக்குமா?”

மனு திரும்பியது. மதியம் அதே உதவி ஆய்வாளர் மூன்று தாள்களோடு வந்தார். முந்தின நாள் இரவு மொபெட்டில் ஒரு சாக்கு வந்து இறங்கியதைப் பார்த்த கூலித் தொழிலாளியின் வாக்குமூலம் இருந்தது. பாத்திரம் எடைக்குப் போடுவதுபோல் போன காவலர் ஒருவர், கடையின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் ரப்பர் எரித்த கரியும் கருகிய செம்புக் கம்பியும் கிடந்ததைப் பார்த்து எழுதியிருந்தார். மோட்டார் வாங்கிய ரசீதில் இருந்த எண்ணும் சேர்ந்திருந்தது. வாரண்ட் கிடைத்தது, அதுவும் ‘பின்புறத் தகரக் கொட்டகை’ என்று இடம் குறித்து. கடைக்காரர் குடும்பம் மாடியில்தான் குடியிருந்தது. அங்கே யாரும் ஏறவில்லை.

சோதனைக்குச் சட்டம் கேட்கும் ‘நியாயமான காரணம்’ என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் விளக்க முடியாது. தகவல் சொன்னவர் பெயரைக் காவல்துறை வெளியிட வேண்டியதில்லை, சாட்சியச் சட்டமே அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. ஆனால் அவருக்கு அது எப்படித் தெரியும், எப்போது தெரிந்தது, சரிபார்க்க என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ‘அவன் பழைய கேடி’ என்பது சந்தேகத்துக்குப் போதும். அவன் வீட்டுப் பீரோவைத் திறக்கப் போதாது.

அன்றைக்கு அந்த வாரண்டுக்கு வழி செய்தது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 97. தகவல் கிடைத்து, தேவையான விசாரணையும் செய்தபின் நடுவருக்கு நம்பக் காரணம் இருக்க வேண்டும் என்கிறது அது. நம்ப வேண்டியவர் நடுவர் என்பதைக் கவனியுங்கள். ஆய்வாளரின் நம்பிக்கையை அவர் கடன் வாங்கிக்கொள்ள முடியாது.

நடுராத்திரியில் கட்சிக்காரர் போன் செய்து “சார், வாரண்ட் இல்லாம வந்திருக்காங்க, உள்ள விடலாமா?” என்பார். சினிமா பார்த்து வந்த கேள்வி. வாரண்ட் இல்லாமலும் வரலாம், புதிய சட்டத்தின் 185-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் அங்கே நடுவர் இல்லாததால் காகிதம்தான் காவல். ஏற்கெனவே ஒரு குற்றத்தின் புலனாய்வு நடந்துகொண்டிருக்க வேண்டும். அதற்குத் தேவையான பொருள் அங்கே இருப்பதாக நம்ப நியாயமான காரணம் வேண்டும். வேறு வழியில் போனால் தாமதமாகிவிடும் என்ற நிலை வேண்டும். அந்தக் காரணத்தையும், கூடியவரை தேடும் பொருள் என்ன என்பதையும் புலனாய்வுக் குறிப்பேடான கேஸ் டைரியில் முதலில் எழுதிவிட்டுத்தான் புறப்பட வேண்டும். ‘போய்ப் பார்ப்போம், ஏதாவது சிக்கும்’ என்பதற்கு இதில் இடமே இல்லை.

எழுதிவிட்டுப் புறப்படுவதற்கும், திரும்பி வந்து எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் குறுக்கு விசாரணையில் தெரியும். ஒரு வழக்கில் காரணக் குறிப்பு நிலையத்தில் காலை 6.10-க்கு எழுதப்பட்டிருந்தது. பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதும் மகஜர் வீட்டில் வைத்து, அதே 6.10-க்கு. இரண்டு இடத்துக்கும் நடுவே ஒன்பது கிலோமீட்டர். ஆய்வாளரிடம் தூரத்தை மட்டும்தான் கேட்டேன். அவர் தண்ணீர் கேட்டார்.

இந்தக் குறிப்பின் நகல் அருகிலுள்ள நடுவருக்கு உடனே போக வேண்டும். பழைய சட்டத்தில் ‘உடனே’ என்று மட்டும் இருந்ததால், அது பத்து நாளாகவும் நீண்டது. புதிய சட்டம் 48 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. சோதனையை ஒலி, ஒளிப்பதிவு செய்யவும் வேண்டும், செல்போனில் எடுத்தாலும் போதும். பதிவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்: வாசற்படியிலா, பொருளை மேசையில் அடுக்கிவைத்த பிறகா?

இவ்வளவும் மீறப்பட்டால் வழக்கே விழுந்துவிடும் என்று சில ஜூனியர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சோதனை சட்டவிரோதம் என்பதற்காகவே அதில் கிடைத்த சாட்சியத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை என்று 1973-இல் பூரன்மல் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் சட்டம் அதுதான். மீறல் வழக்கின் நம்பகத்தன்மையை அரிக்கும், அவ்வளவே. போதைப்பொருள் சட்டத்தின் 42-ஆவது பிரிவில் கதை வேறு. வந்த தகவலை எழுதி, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். தாமதத்துக்குத் திருப்தியான விளக்கம் இருந்தால் ஏற்கலாம், அறவே செய்யாமல் விட்டால் ஏற்க முடியாது என்றது 2009-இல் கர்னைல் சிங் தீர்ப்பு.

காரணம் எழுதாமல் வீட்டைச் சோதிக்க வந்த கலால் அதிகாரியைத் தடுத்தவரின் விடுதலையை 1959-இல் ரெஹ்மான் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது உண்மை. அதை நம்பி நீங்கள் வாசலில் கையை விரித்து நிற்காதீர்கள். காரணம் எழுதப்பட்டதா இல்லையா என்பது அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரியாது. தடுத்தால் புதிதாக ஒரு வழக்குச் சேரும்.

“அய்யா, எதைத் தேடி வந்திருக்கீங்க?” என்று கேளுங்கள். சோதனை முடியும்வரை கூடவே நிற்க உங்களுக்கு உரிமை உண்டு. உள்ளூரைச் சேர்ந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். ‘அக்கம்பக்கத்தார் வர மறுத்ததால்’ என்று எழுதி கிராம நிர்வாக அலுவலரையும் அவர் உதவியாளரையும் நிறுத்துவது எங்கள் பக்கத்தில் பழகிப்போன ஒன்று. எடுத்த பொருள்களின் பட்டியல் நகலைக் கையில் வாங்காமல் விடாதீர்கள். காரணக் குறிப்பின் நகலையும் மனுப் போட்டு இலவசமாக வாங்கலாம்.

என் கட்சிக்காரப் பையன் ஒருவனின் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் “எடுத்துட்டுப் போறதுக்குச் சீட்டு குடுங்க சாமி” என்று கேட்டு வாங்கி, மடித்து, ரேஷன் கார்டு உறைக்குள் செருகி வைத்திருந்தார். எட்டு மாதம் கழித்து சாட்சி விசாரணையில் அதை விரித்துக் காட்டினோம். அவரிடம் இருந்த பட்டியலில் செல்போன் ஒன்று. நீதிமன்றத்துக்கு வந்த பட்டியலில் இரண்டு.