கதவு சாத்தும் நொடியில் விழும் தட்டு

காட்சி தொடங்கி 37ஆவது நொடியில் ஒருவர் கதவைச் சாத்துகிறார். அந்தச் சத்தத்தோடு இசையில் ஒரு தாளச் சுற்றின் முதல் தட்டும் சேர்ந்து விழ வேண்டும். அரை நொடி தள்ளிப் போனாலும் படம் தனி, இசை தனி என்று ஆகிவிடும்.

மேடைக்கு எழுதிப் பழகியவருக்கு இது புதுச் சிக்கல். ஸ்லோவேனியாவின் யானி கோலோப் இரண்டையும் செய்தவர். 1948இல் லியுப்லியானாவில் பிறந்து, அங்குள்ள பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். ஸ்லோவேனிய நாட்டுப்பாடல்களை நரம்புக் கருவிகளுக்காக அவர் எழுதியது மேடை இசை. 'சிப்பிக்குள் கோடை' என்று பொருள்படும் தலைப்புள்ள திரைப்படத்துக்கு இசையமைத்தது வேறு வகை வேலை. மேடையில் ஒரு ஸ்வரத்தை எவ்வளவு இழுப்பது என்பது இசைக்குழுவுக்குக் கோலசைத்து வழிகாட்டும் நடத்துநர் கையில் இருக்கிறது. படத்திலோ, படத்தொகுப்பாளர் நேரத்தை முன்பே வெட்டி வைத்துவிடுகிறார்.

கணக்கைப் பார்ப்போம். ஃபிலிமில் நொடிக்கு 24 ஃபிரேம். 37 நொடிக்கு 888. நிமிடத்துக்கு 90 தட்டு என்ற வேகத்தில் எழுதினால் ஒரு தட்டுக்கு 16 ஃபிரேம். 888ஐ 16ஆல் வகுத்தால் 55.5. கதவு இரண்டு தட்டுக்கு நட்டநடுவில் மாட்டிக்கொள்கிறது! இதற்காக இசையை வெட்டி ஒட்ட வேண்டாம், வேகத்தைச் சுமார் 90.8 ஆக்கினால் போதும். கதவுக்கு முன் சரியாக 56 தட்டு ஓடி முடியும். நாலு நாலாக எண்ணினால் 14 சுற்று. 15ஆவது சுற்றின் முதல் தட்டில் கதவு. கேட்பவருக்கு 90க்கும் 90.8க்கும் வித்தியாசம் தெரியவே தெரியாது. இந்தக் கலையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

ஒரு பெரிய குழு அந்த வேகத்தை எப்படிப் பிடிக்கும்? ஹெட்ஃபோனில் டிக் டிக் என்று 'கிளிக் டிராக்' ஓடும். வயலின்காரர்கள் பலர் அதை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வார்கள். பக்கத்து வயலினோடு சுருதி சேர இன்னொரு காது வேண்டுமே. மெல்லிய இடங்களில் அந்த டிக் கசிந்து மைக்கில் பதிந்துவிடும் அபாயமும் உண்டு. ஃபிலிம் காலத்தில் ஒலிப்பாதையில் துளையிட்டே இதை உண்டாக்கினார்கள்: ஒவ்வொரு துளையும் கருவியைக் கடக்கும்போது ஒரு டிக்.

உருக்கமான காட்சிக்குக் கிளிக் ஒத்துவராது. அங்கே வயலின் வில் தயங்க வேண்டும், மூச்சு விட வேண்டும். அதற்கு இன்னொரு வழி இருக்கிறது. ஓடும் படத்தின் மேலேயே ஒரு செங்குத்துக் கோடு தோன்றி, சில நொடிகளில் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகரும். சேர்ந்ததும் பளிச்சென்று ஒரு வெள்ளை ஒளி. நடுவில் நடத்துநர் இழுக்கலாம், விரையலாம். கோடு கண்ணில் பட்டதும் கையை மெல்லச் சரிசெய்துகொண்டே வருவார். ஒளி வெட்டும்போது அவருடைய கோலும் இறங்கும்.