கத்தோலிக்க: மாமி விழுங்கிய சொல்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைத் திருப்பலி. தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யைச் சேர்ந்த என் மாமியும் வந்திருந்தார். எதையெல்லாம் நம்புகிறோம் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணம் தொடங்கியதும் தன் சபை வாசகத்தை முணுமுணுத்தபடி கூடவே வந்தவர், "புனித கத்தோலிக்கத் திரு அவை" என்று காதில் விழுந்ததும் டக்கென்று வாயை மூடிக்கொண்டார். வெளியே வந்து கேட்டேன். "நான் எதுக்குல மக்கா கத்தோலிக்க சபைய விசுவாசிக்கணும்?"

வேடிக்கை என்னவென்றால், மாமி ஞாயிறுதோறும் அதைத்தான் விசுவாசிக்கிறார். அவர் சபை வாசகத்தில் அந்த இடத்தில் "பொதுவாயிருக்கிற பரிசுத்த சபை" என்று இருக்கிறது. மூலச்சொல் ஒன்றுதான். ஒரு கோயிலில் அதை ஒலிபெயர்த்துக்கொண்டார்கள், மறு கோயிலில் மொழிபெயர்த்துக்கொண்டார்கள்.

கிரேக்கத்தில் அது 'கதோலிகோஸ்'. 'ஹோலோஸ்' என்றால் முழுமை. முழுமைக்கும் உரியது, எங்கும் பொதுவானது என்று பொருள். அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கடிதத்திலேயே திருச்சபைக்கு இந்த அடைமொழி வருகிறது. அப்போது அது எந்தப் பிரிவின் பெயரும் இல்லை. 1054-இல் ரோமும் கான்ஸ்டான்டிநோபிளும் முறித்துக்கொண்டன; 16-ஆம் நூற்றாண்டில் லூத்தர் தரப்பு பிரிந்தது. அப்புறம் போப்பாண்டவரோடு நின்றவர்களின் பெயராகவே அந்தச் சொல் நிலைத்துவிட்டது. நம்ம ஊரில் ரோமன் கத்தோலிக்கம் என்பதும் சுருங்கி ஆர்.சி.

கிழக்குச் சபைகளின் பெயரான 'ஆர்த்தடாக்ஸ்' என்பதில் 'ஓர்தோஸ்' நேரானது. 'டொக்சா' கருத்து, புகழ்ச்சி இரண்டும். தமிழில் 'மரபுவழி' என்கிறோம். மூலத்தில் மரபு என்ற பேச்சே இல்லை, ஆனாலும் புழங்கிவிட்டது, இருக்கட்டும். 'புரோட்டஸ்டண்ட்' 1529-இல் ஜெர்மனியின் ஸ்பையர் மன்றத்தில் லூத்தர் பக்கச் சிற்றரசர்கள் கொடுத்த ஆட்சேபத்திலிருந்து வந்தது. லத்தீன் வேருக்குப் பலரறியச் சொல்வது என்றே பொருள். பழைய கத்தோலிக்கத் தமிழில் புரோட்டஸ்டண்டுகளைப் 'பதிதர்' என்றே எழுதினார்கள்; நெறி தவறியவர் என்ற வசவு அது. 'சீர்திருத்தச் சபையார்' என்பதே மரியாதை. குமரிக் கிழவிகளைக் கேட்டால் இரண்டும் வேண்டாம், 'எல்.எம்.எஸ்.' என்பார்கள். 1806-இல் குமரி மயிலாடியில் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி காலூன்றிய லண்டன் மிஷனின் (லண்டன் மிஷனரி சொசைட்டி) பெயர் அது. அந்தச் சபைகள் 1947-இல் சி.எஸ்.ஐ.யில் சேர்ந்த பிறகும் நாக்கை விட்டுப் போகவில்லை.

சரி, கத்தோலிக்கத்துக்கு எது நல்ல தமிழ்? அடைமொழியாக வந்தால் 'பொது' போதும். 'உலகளாவிய' என்றால் நிலப்பரப்பு மட்டும் மிஞ்சும், முழுமை போய்விடும். பிரிவின் பெயராக வந்தால் கத்தோலிக்கம் என்றே விட்டுவிடலாம். 'பொதுச்சபை' என்று எழுதினால் ஐ.நா. நினைவுதான் வரும்.

களியக்காவிளைப் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. கேரளத்து மலங்கரைச் சபையின் கோயிலில் திருப்பலிக்குப் பூசை என்ற பெயர் கிடையாது, குர்பானா. சாமியார் கிடையாது, அச்சன். சிரிய மரபான சுறியானி வழிபாட்டு முறை என்பதால் பார்க்க ஆர்த்தடாக்ஸ் போலவே இருக்கும். ஆனால் அவர்கள் 1930-இல் மார் இவானியோஸ் தலைமையில் ரோமோடு சேர்ந்த கத்தோலிக்கர். ஆர்.சி. என்றாலே லத்தீன் முறைதான் என்று நினைப்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள்.

மாமியிடம் 'பொது' விஷயத்தைச் சொன்னேன். "அப்பிடிண்ணா அத தமிழ்லயே சொல்லப்பிடாதா?" என்றார்.