சங்கிலி விதி

நுண்கணிதத்தில் ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு இருந்தால், அதை வகையிடும் முறைக்குச் சங்கிலி விதி என்று பெயர். உட்சார்பைத் தொடாமல் முதலில் வெளிச்சார்பை வகையிட வேண்டும். அப்புறம் உட்சார்பின் வகைக்கெழுவால் பெருக்க வேண்டும்.

முதலில் 'வகையிடல்' என்ற சொல். ஓர் அளவு மாறும்போது அதைச் சார்ந்த அளவு எந்த விகிதத்தில் மாறுகிறது என்று காண்பதே வகையிடல். ஐரோப்பிய மொழிகளில் இதற்குள்ள பெயர், வேறுபாடு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'வகு' என்ற வினை 'வகை' ஆகிறது. 'தொகு' 'தொகை' ஆவதைப் போல. கூறுபோட்டுப் பார்ப்பது வகையிடல், கூட்டிச் சேர்ப்பது தொகையிடல். தொகை, வகை, விரி என்று நம் இலக்கண நூல்கள் வெகுகாலமாகப் புழங்கிய சொற்களே கணிதத்திலும் எதிரெதிர் செயல்களுக்குப் பெயராக அமைந்தது மிகப் பொருத்தம். வகையிட்டுக் கிடைப்பதைத் தமிழ்நாட்டில் வகைக்கெழு என்கிறோம். இலங்கையில் அதுவே பெறுதி. 'சார்பு' என்ற சொல்லும் அழகானது. ஓர் அளவு இன்னோர் அளவைச் சார்ந்திருக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

சார்புகள் சேரும் விதம் ஒன்றல்ல. கூட்டல், கழித்தலில் சிக்கலே இல்லை, தனித்தனியாக வகையிட்டால் போதும். பெருக்கலில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். மாறியை க என்று வைத்துக்கொள்வோம். க² × க³ என்பது க⁵, அதன் வகைக்கெழு 5க⁴. இரண்டையும் தனித்தனியே வகையிட்டுப் பெருக்கினால் 2க × 3க² = 6க³ என்று தவறாக வரும். முதலாவதின் வகைக்கெழுவை இரண்டாவதாலும், இரண்டாவதின் வகைக்கெழுவை முதலாவதாலும் பெருக்கிக் கூட்ட வேண்டும்: 2க⁴ + 3க⁴ = 5க⁴. இதுதான் பெருக்கல் விதி. தனித்தனியே வகையிட்டுப் பெருக்கினால் போதுமா என்ற கேள்வி, நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸுக்கே 1675 நவம்பரில் எழுந்தது. போதாது என்று அவர் கண்டுகொண்டார். பெருக்கல் விதியும் வகுத்தல் விதியும் 1684-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் அச்சாயின.

(க² + 1)³ என்பது இரண்டு சார்புகளின் பெருக்கல் அல்ல, சேர்ப்பு, அதாவது ஒன்றுக்குள் மற்றொன்று. க²-உடன் 1-ஐக் கூட்டிவிட்டு, வந்த விடையை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்துகிறோம். இங்கேதான் சங்கிலி விதி. வெளியே 3(க² + 1)², உள்ளே 2க. பெருக்கினால் 6க(க² + 1)². அந்த 2க-வை விட்டுவிடுவதுதான் தேர்வுத்தாளில் அடிக்கடி நிகழும் பிழை.

சங்கிலி என்ற பெயர் ஐரோப்பாவில் வணிகக் கணக்கிலும் இருந்தது. ஒரு நாணயத்தை இன்னொன்றாக்கி, அதை மூன்றாவதாக மாற்றும்போது, மாற்று விகிதங்களை வரிசையாகப் பெருக்குவதற்கும் சங்கிலி விதி என்றே பெயர். நுண்கணிதத்திலும் பெருக்கப்படுபவை விகிதங்கள்தான்: உள்ளே ஏற்படும் மாற்றம் எத்தனை மடங்காகி வெளியே வருகிறது என்பதே கேள்வி.

இதைச் 'சார்பின் சார்பு விதி' என்றும் சொல்லலாம். பொருள் அதில் உடனே விளங்கும். ஆனாலும் எனக்குச் சங்கிலி விதிதான் பிடிக்கும், ஏனென்றால் ஒன்றுக்குள் ஒன்றாக அமையும் சார்புகள் இரண்டோடு நிற்பதில்லை. (க² + 1)³-இன் சைனை வகையிட வேண்டுமா? சரி, கண்ணிகள் மூன்று: (க² + 1)³-இன் கொசைன், பிறகு 3(க² + 1)², கடைசியாக 2க. மூன்றையும் பெருக்கினால் விடை.