பாரில் பதுங்கும் கலவா: எச்.ஐ.வி. உடலுக்குள் ஒளியும் விதம்

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்திருந்தார் அவர். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஒரு மீனவக் கிராமம். ஆழ்கடல் விசைப்படகில் தொழில். 12 வருடமாக எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிடுகிறார். வைரல் லோடு ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்தார். 'டார்கெட் நாட் டிடெக்டட்' என்று இருந்தது. ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்று பொருள்.

"அண்ணே, ஒண்ணும் இல்லேன்னு எழுதித் தந்திருக்கு. பின்ன எதுக்கு நான் தெனமும் குளிகை முழுங்கணும்?"

மருந்து கசந்து அவர் இதைக் கேட்கவில்லை. அடுத்த தங்கல், அதாவது கரைக்கு வராமல் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது, 40 நாள். பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்துப் படுக்கிற படகில், 30 மாத்திரை உள்ள பாட்டில் குலுங்கினாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இந்த ஒரு தங்கலுக்கு மட்டும் பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமா என்பதுதான் உண்மையான கேள்வி.

பதிலுக்கு அவருடைய கடலையே துணைக்கு எடுத்துக்கொண்டேன். கடலுக்கடியில் பாறைத்திட்டு இருக்கும் இடத்தைப் 'பார்' என்பார்கள். அதன் இடுக்குகளில்தான் கலவா மீன் கிடக்கும். மேலாக விரித்த வலையில் ஒன்றும் விழவில்லை என்பதற்காகப் பாரில் மீனே இல்லை என்று எந்த மீனவரும் சொல்ல மாட்டார். ரத்தப் பரிசோதனையும் மேலாக விரித்த வலைதான். எச்.ஐ.வி. முக்கியமாகக் குடியேறுவது நிணநீர் அணுக்கள் என்ற வெள்ளை அணுக்களில். நம் உடலில் உள்ள அவற்றில் ஏறத்தாழ 2 சதவீதம்தான் எந்த நேரத்திலும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மீதியெல்லாம் திசுக்களுக்குள் இருக்கின்றன.

வைரஸ் அங்கே எப்படித் தங்குகிறது? எச்.ஐ.வி. தன் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ. வடிவில் கொண்டுவருகிறது. சிடி4 என்ற வெள்ளை அணுவுக்குள் நுழைந்ததும் அதை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. பிறகு அந்தப் படியை அணுவின் சொந்த டி.என்.ஏ.வை வெட்டி அதற்குள்ளேயே ஒட்டிவிடுகிறது. அந்த நிமிடத்திலிருந்து வைரஸ் வெளியாள் இல்லை. அந்த அணுவின் மரபில் ஒரு பத்தியாகிவிடுகிறது.

இப்போது மருந்தைப் பாருங்கள். இன்று பெரும்பாலானோர் சாப்பிடும் ஒரே மாத்திரையில் மூன்று மருந்துகள் உள்ளன. டெனோஃபோவிரும் லாமிவுடினும் படியெடுக்கும் வேலையைத் தடுக்கின்றன. டோலுடெகிராவிர் ஒட்டும் வேலையைத் தடுக்கிறது. மூன்றும் புதிய அணுக்களுக்குள் வைரஸ் குடியேறாமல் காக்கின்றன. ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட பத்தியை அழிக்கிற வேலை இவற்றில் எதற்கும் இல்லை. மருந்தின் குறை என்று இதைச் சொல்ல முடியாது. அது தொடவே முடியாத இடத்துக்கு வைரஸ் போய்விட்டது.

வைரஸ் புகுந்த அணுக்களில் பெரும்பாலானவை சீக்கிரம் செத்துப்போகும். அதை நம்பித்தான் 2, 3 ஆண்டு விடாமல் மருந்து கொடுத்தால் நோயையே ஒழித்துவிடலாம் என்று 1997இல் ஒரு கணிப்பு வந்தது. அதே ஆண்டில் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டது வேறு. சில சிடி4 அணுக்கள் சாகாமல் 'நினைவு அணு'க்களாக மாறி உறங்கப் போய்விடுகின்றன. சின்ன வயதில் வந்த தட்டம்மையை உடல் காலமெல்லாம் மறக்காமல் இருப்பதற்கு இந்த நினைவு அணுக்களும் ஒரு காரணம். நம்மைக் காக்க நீண்டகாலம் வாழும்படி அமைந்த அணுவே வைரஸுக்கும் வீடாகிவிட்டது. இந்த நோயில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

உறங்கும் அணு வைரஸ் புரதம் எதையும் செய்வதில்லை. அதனால் உடலின் காவல் அணுக்களுக்கு அது நல்ல அணு போலவே தெரிகிறது. உறங்கும் சிடி4 அணுக்கள் பத்து லட்சம் எடுத்தால், மறுபடி உயிர்த்தெழக்கூடிய முழு வைரஸ் இருப்பது ஏறத்தாழ ஒன்றில். ஆனால் அந்தச் சேமிப்பு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதம் ஆகிறது. இந்த வேகத்தில் முழுதும் கரைய 70 ஆண்டுக்கு மேல் வேண்டும். அதற்கிடையே இந்த அணுக்கள் இரண்டாக, நான்காகப் பிரிந்து பெருகவும் செய்கின்றன. அணு பிரியும்போது ஒட்டியிருக்கும் வைரஸ் பத்தியும் சேர்ந்தே படியாகிவிடுகிறது.

பார்கள் எங்கெங்கே? காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் 'நெறி கட்டியிருக்கு' என்போமே, அதுதான் நிணநீர்க் கணு. வீங்காதபோது மொச்சைக்கொட்டை அளவுகூட இருக்காது. அதற்குள் உருண்டை உருண்டையாகச் சில அறைகள் இருக்கின்றன. பி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்கள், கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருளைச் செய்யப் பழகும் இடம் அது. அவற்றுக்கு உதவும் சிடி4 அணுக்களும் அங்கேதான் குடியிருக்கின்றன. வைரஸ் அவற்றுக்குள் புகுந்துவிடுகிறது. வைரஸ் புகுந்த அணுவைக் கொல்ல வேண்டிய சிடி8 அணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அறைக்குள் வழிகாட்டும் வேதி உணரி இல்லை. வாசல்வரை வந்து வெளியே நின்றுவிடுகின்றன. உள்ளே இன்னொரு வகை அணு தன் கிளைகளில் வைரஸ் துகள்களை முள்ளில் மாட்டிய நூல்போல மாதக்கணக்கில் பிடித்துவைத்திருக்கும். போதாததற்கு, சில மருந்துகள் ரத்தத்தில் இருக்கிற அளவுக்கு இந்தக் கணுக்களுக்குள் சேர்வதில்லை.

குடலின் சுவரிலும் நிணநீர்த் திசு நிறைய உண்டு. தொற்று வந்த முதல் வாரங்களிலேயே வைரஸ் அங்கே இடம்பிடித்துவிடும். மூளையில் அது தங்குவது மைக்ரோக்ளியா என்ற அணுக்களில். அவை பல்லாண்டு வாழ்பவை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு சில மருந்துகளை எளிதில் உள்ளே விடாது.

இந்தச் சேமிப்பு எவ்வளவு சீக்கிரம் உருவாகிறது என்பதற்கு அமெரிக்காவின் மிசிசிப்பியில் 2010இல் பிறந்த ஒரு குழந்தை சாட்சி. பிறந்து 30 மணி நேரத்திலேயே மருந்து தொடங்கினார்கள். ஏறக்குறைய 18 மாதத்தில் சிகிச்சை நின்றுபோனது. அதன்பின் 27 மாதம் வைரஸின் தடமே இல்லை. உலகமே மகிழ்ந்தது. 2014இல் வைரஸ் திரும்பி வந்துவிட்டது.

அந்தக் குழந்தைக்கு 27 மாதம். பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு மருந்தை நிறுத்திய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் ரத்தத்தில் வைரஸ் ஏறிவிடும். எங்கோ ஒரு உறங்கும் அணு விழித்தால் போதும். 40 நாள் தங்கல் முடிந்து படகு கரை சேரும்போது என்ன ஆகியிருக்கும் என்பதை அவரே விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

இன்னொன்றையும் அழுத்திச் சொன்னேன். மாத்திரையை விடாமல் சாப்பிட்டு ரிப்போர்ட் தொடர்ந்து இப்படியே வந்தால், உடலுறவு வழியாக மனைவிக்குத் தொற்று போகாது. இது பல நாடுகளில் ஆயிரக்கணக்கான தம்பதிகளைப் பின்தொடர்ந்து உறுதிசெய்த உண்மை. அதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. 12 வருடத்தில் யாரும் இதை அவருக்குப் புரியும்படி சொல்லியிருக்கவில்லை.

"அப்ப அந்தப் பாருக்கே போயி அடிக்க முடியாதா?" என்றார்.

கரையில் தெரியும் மலையையும் கோயில் கோபுரத்தையும் வைத்துக் கணியம் பார்த்து, நடுக்கடலில் பார் இருக்கும் இடத்தைப் பிசகாமல் பிடிப்பவர்கள் அவர்கள். விஞ்ஞானிகளுக்கு இன்னும் கிடைக்காதது அந்தக் கணியம்தான். வைரஸோடு உறங்கும் அணுவையும் வைரஸ் இல்லாத அணுவையும் வெளியிலிருந்து பிரித்துக் காட்டும் உறுதியான அடையாளம் எதுவும் அகப்படவில்லை. அதனால்தான் இரண்டு வழிகளை முயல்கிறார்கள். ஒன்று, உறங்கும் அணுக்களை மருந்தால் எழுப்பிக் காவல் அணுக்களுக்குக் காட்டிக்கொடுப்பது. இதுவரை எழுப்ப முடிந்திருக்கிறது, சேமிப்பை வேண்டிய அளவு குறைக்க முடியவில்லை. மற்றொன்று நேரெதிர்: எழவே முடியாதபடி ஆழ்ந்து உறங்கவைத்துவிடுவது.

பாட்டிலைப் பற்றி அப்புறம் பேசினோம். தங்கல் முழுவதற்கும் போதுமான மாத்திரையை முன்கூட்டியே தர முடியுமா என்று, கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்கச் சொன்னேன். பாட்டில் குலுங்காமல் இருக்க மாத்திரைக்கு மேலே கொஞ்சம் பஞ்சு அடைத்துக்கொள்வதாக அவர் சொன்னார்.