‘டிஸப்பியர்’ என்று எழுதுவதற்கு முன்

சான்றிதழ், மனு, வாக்குமூலம் போன்றவற்றைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பதும், பிறர் மொழிபெயர்த்ததைச் சரிபார்ப்பதும் என் தொழில். கடினமான சட்டச் சொற்களை எல்லோரும் இரண்டு முறை பார்த்துத்தான் எழுதுகிறார்கள். தெரிந்த சொல்தானே என்று நினைக்கும் இடத்தில்தான் தவறு நுழைகிறது. ‘டிஸப்பியர்’ அப்படிப்பட்ட ஒரு வினை.

‘தந்தை 2009இல் மறைந்தார்’ என்பதை ‘டிஸப்பியர்டு’ என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கும் அதிகாரிக்கு அவர் இறந்ததாகவே தோன்றாது. எங்கே போனார் என்று தெரியாத ஒருவர் என்றுதான் புரிந்துகொள்வார். கூடவே இறப்புச் சான்றிதழும் இருந்தால் இரண்டும் முரண்படும். வாரிசுரிமையோ ஓய்வூதியமோ கேட்டு நிற்கும் குடும்பத்துக்கு இது வீண் அலைச்சல். ‘டைடு’ என்று நேராக எழுதுங்கள். ‘பாஸ்டு அவே’ இரங்கல் கடிதத்துக்குச் சரி, ஆவணத்துக்கு வேண்டாம்.

அப்புறம் இலக்கணம். தமிழில் ‘மறைந்தான்’, ‘மறைத்தான்’ என்று இரண்டும் உண்டு. ஓர் எழுத்து மாறினால் போதும், மறைத்தவர் வாக்கியத்துக்குள் வந்துவிடுவார். ‘டிஸப்பியர்’ வழக்கமான ஆங்கிலத்தில் தானாக மறைவதை மட்டுமே சொல்லும். அதனால் ‘ஹி டிஸப்பியர்டு தி ஃபைல்’ பிழை. அங்கே ‘ஹைடு’ அல்லது ‘ரிமூவ்’ வர வேண்டும். ‘தி மணி வாஸ் டிஸப்பியர்டு’ என்பதில் ‘வாஸ்’ தேவையில்லை. ‘வேனிஷ்’ திடீரென்று, சுவடே இல்லாமல் மறைவது. மெல்ல மெல்ல வற்றும் வீக்கத்துக்கு அது பொருந்தாது, ‘டிஸப்பியர்’ பொருந்தும்.

ஆனால் ‘வாஸ் டிஸப்பியர்டு’ என்று வேண்டுமென்றே எழுதும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே அதைப் பிழை என்று திருத்திவிடக் கூடாது. அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி நடந்தது. ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கேட்டால், எங்களிடம் இல்லை என்றார்கள். அப்படிப் போனவர்களை ஸ்பானிய மொழியில் ‘தெசாபரெசிதோஸ்’ என்றார்கள். ஆங்கிலத்திலும் ‘தி டிஸப்பியர்டு’ என்று எழுதும் வழக்கம் பரவியது. தானாக நடப்பதைச் சொல்லும் வினையைச் செயப்பாட்டு வினையாக வளைத்ததன் காரணம், இதைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதைச் சொல்லத்தான். ஐ.நா. 2006இல் இதற்கென ஓர் உடன்படிக்கையை ஏற்றது. 2010இல் அது நடைமுறைக்கு வந்தது. அரசின் ஆட்களோ, அரசின் துணையோடு இயங்குபவர்களோ ஒருவரைப் பிடித்து வைத்துவிட்டு, அதை ஒப்புக்கொள்ள மறுப்பதும் அவர் கதியை மறைப்பதும்தான் அதில் சொல்லப்படும் குற்றம்.

தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது. ‘காணாமல் போனோர்’ இல்லை, ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று இலங்கையில் போராடும் குடும்பங்கள் அழுத்திச் சொல்கின்றன. அந்த ‘ஆக்கப்பட்ட’ என்பதை ‘மிஸ்ஸிங்’ என்று மாற்றி எழுதினால் மனுவின் குற்றச்சாட்டே போய்விடும். ‘ஃபோர்ஸிப்ளி டிஸப்பியர்டு’ என்று எழுதுங்கள். ‘கூட்டிக்கொண்டு போனார்கள்’ என்று தாய் சொல்லியிருந்தால் அதையும், யார், எந்த நாள், எந்த இடம் என்று அவர் சொன்னது எல்லாவற்றையும் விடாமல் எழுதுங்கள்.